புற்றுநோய்ச் சிகிச்சையில் குமட்டல்: நாள்தோறும் குறித்து வைப்பது ஏன் அவசியம்? எப்படிக் குறிப்பது?

மும்பை: காட்கோபர் கிழக்கில் உள்ள காமராஜ் நகரிலிருந்தோ பந்த் நகரிலிருந்தோ பரேல் டாடா மெமோரியல் மருத்துவமனைக்குச் செல்லும் ஒரு நோயாளியின் நாள் விடியற்காலையில் தொடங்குகிறது. காட்கோபர் ரயில் நிலையத்தில் ஏறினால் வித்யாவிகார், குர்லா, சயான், மாதுங்கா, தாதர் கடந்து பரேல். பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில் கீமோதெரபி மருந்து ஏற்றப்படுகிறது. மாலையில் அதே வழியில் வீடு திரும்புகிறார். மருத்துவமனையில் இருந்தவரை அவருக்கு வாந்தி இல்லை. செவிலியரும் ‘நன்றாக இருக்கிறார்’ என்றே குறித்து அனுப்புகிறார்.

வாந்தி மூன்றாம் நாள் விடியற்காலையில் வருகிறது. அப்போது அருகில் மருத்துவர் இல்லை, செவிலியர் இல்லை. அடுத்த சந்திப்புக்கு இன்னும் 18 நாள்கள் உள்ளன. அந்த நாள் வந்ததும் மருத்துவர், “கைசா ஹை?” என்று கேட்கிறார். “டீக் ஹை” என்று நோயாளி பதில் சொல்கிறார். மூன்று வாரத் துன்பம் அந்த இரண்டு சொற்களில் மறைந்துவிடுகிறது. அடுத்த சுற்றிலும் அதே மருந்து, அதே அளவு, அதே மூன்றாம் நாள்.

இந்த இடைவெளியை நிரப்பும் எளிய கருவி, வீட்டில் உள்ள ஒரு நோட்டுப் புத்தகம். குமட்டல், வாந்தி, வலி, சோர்வு, காய்ச்சல், மலச்சிக்கல் ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வைப்பதன் பயன் என்ன, எதைக் குறிக்க வேண்டும், எப்போது காத்திருக்காமல் மருத்துவமனையை அழைக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பிரச்சினையின் அளவு

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் ஏறத்தாழ 14.6 லட்சம் பேர் என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் பலருக்கு நாட்டின் கடைசி நம்பிக்கையாகத் தெரிவது மும்பை. 1941-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று பரேலில் திறக்கப்பட்ட டாடா மெமோரியல் மருத்துவமனை, 1962-ஆம் ஆண்டு முதல் அணுசக்தித் துறையின் நிர்வாகத்தின் கீழ் இயங்கி வருகிறது. நவி மும்பையின் கார்கரில் அதன் ஆய்வு, சிகிச்சை மையம் அமைந்துள்ளது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இதற்கு இணையான பணியை ஆற்றி வருகிறது.

இத்தகைய பெரிய மருத்துவமனைகளில் ஒரு மருத்துவருக்கும் ஒரு நோயாளிக்கும் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அந்தச் சில நிமிடங்களில் ரத்தப் பரிசோதனை அறிக்கையும் ஸ்கேன் அறிக்கையும் பேசப்படுகின்றன. நோயாளியின் உடல் அந்த மூன்று வாரங்களில் என்ன பாடுபட்டது என்பதற்கு ஓர் அறிக்கை இருப்பதில்லை. அந்த அறிக்கையை எழுதக் கூடியவர்கள் நோயாளியும் அவருடைய வீட்டாரும் மட்டுமே.

நினைவை நம்ப முடியாது என்பதே இதற்கு முதல் காரணம். கடும் குமட்டல் தணிந்த ஒரு வாரத்தில் அதன் கடுமை மனத்தில் மங்கிவிடுகிறது. இரண்டாவது காரணம், தயக்கம். ‘கீமோ என்றால் வாந்தி இருக்கத்தானே செய்யும்’ என்று பலரும் பொறுத்துக்கொள்கிறார்கள். சொன்னால் மருந்தின் அளவைக் குறைத்துவிடுவார்களோ, சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சமும் உண்டு. உண்மையில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. சொல்லாமல் விடப்படும் வாந்தி நீரிழப்பாகி, எடைக் குறைவாகி, சிறுநீரகப் பாதிப்பாக மாறும்போதுதான் அடுத்த சுற்று தள்ளிப் போகிறது. முன்கூட்டியே சொன்னால் மாறுவது பெரும்பாலும் வாந்தித் தடுப்பு மருந்துதான்.

குமட்டல் ஏன் வருகிறது?

கீமோதெரபி மருந்து குடலின் உட்சுவரில் உள்ள சில செல்களைத் தூண்டி, செரோட்டோனின் என்ற வேதிப்பொருளை வெளியிடச் செய்கிறது. அந்தச் செய்தி வேகஸ் நரம்பின் வழியே மூளைத்தண்டுக்குச் செல்கிறது. ரத்தத்தில் கலந்த மருந்தை நேரடியாக உணரும் பகுதியும் மூளைத்தண்டில் உள்ளது. இரண்டும் சேர்ந்து வாந்தியைத் தூண்டுகின்றன. முதல் 24 மணிநேர வாந்தியில் செரோட்டோனினின் பங்கு பெரிது. அதற்குப் பிந்தைய நாள்களில் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற மற்றொரு வேதிப்பொருளின் பங்கு கூடுகிறது. முதல் நாளுக்கு வேலை செய்யும் மாத்திரை மூன்றாம் நாளுக்குப் போதாமல் போவதற்கு இதுவே காரணம்.

மருத்துவர்கள் இதனைக் காலத்தை வைத்து வகைப்படுத்துகிறார்கள்:

* உடனடிக் குமட்டல்: மருந்து ஏற்றிய முதல் 24 மணிநேரத்திற்குள் வருவது.
* தாமதக் குமட்டல்: 24 மணிநேரத்திற்குப் பின் தொடங்கி, ஐந்து நாள்கள் வரை நீடிக்கக் கூடியது. சிஸ்பிளாட்டின் மருந்தில் இது இரண்டாம், மூன்றாம் நாள்களில் உச்சம் அடைவது வழக்கம்.
* எதிர்பார்ப்புக் குமட்டல்: முந்தைய சுற்றின் அனுபவத்தால், மருந்து ஏற்றுவதற்கு முன்பே வருவது. மருத்துவமனையின் வாசனை, வாசலைப் பார்ப்பது, ரயிலில் பரேல் நெருங்குவது ஆகியவைகூட இதனைத் தூண்டலாம்.
* மீறி வரும் குமட்டல்: தடுப்பு மாத்திரைகளை முறையாக எடுத்த பின்பும் வருவது. இதற்கெனத் தனியாக ‘தேவைப்படும்போது’ மாத்திரை தரப்படுகிறது.

எல்லாக் கீமோதெரபி மருந்துகளும் ஒரே அளவில் வாந்தியைத் தூண்டுவதில்லை. தடுப்பு மருந்து இல்லாத நிலையில் 90 சதவீதத்திற்கு மேற்பட்டவர்களுக்கு வாந்தி வரச் செய்பவை உயர் அபாய வகை. சிஸ்பிளாட்டினும், மார்பகப் புற்றுநோயில் பயன்படும் டாக்சோரூபிசின்–சைக்ளோபாஸ்பமைடு கூட்டும் இவ்வகையில் அடங்கும். 30 முதல் 90 சதவீதம் வரை நடுத்தர அபாயம். 10 முதல் 30 சதவீதம் வரை குறைந்த அபாயம். 10 சதவீதத்திற்குக் கீழ் மிகக் குறைந்த அபாயம். தமக்குத் தரப்படும் மருந்து எந்த வகையைச் சேர்ந்தது என்று நோயாளி முதல் நாளே கேட்டறிவது நல்லது.

ஆளைப் பொறுத்தும் அபாயம் மாறுகிறது. பெண்கள், இளவயதினர், கர்ப்ப காலத்தில் கடும் மசக்கையால் அவதிப்பட்டவர்கள், பேருந்துப் பயணத்தில் எளிதில் வாந்தி எடுப்பவர்கள் ஆகியோருக்குக் கீமோதெரபியிலும் குமட்டல் கூடுதலாக இருக்கலாம். இந்த விவரங்களை மருத்துவர் கேட்காவிட்டாலும் நோயாளி சொல்லிவிட வேண்டும்.

மும்பையில் நடந்த ஓர் ஆய்வு

வாந்தித் தடுப்பு மருத்துவம் கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. செரோட்டோனினைத் தடுக்கும் ஆண்டான்செட்ரான் 1991-ஆம் ஆண்டிலும், சப்ஸ்டன்ஸ் பி-யைத் தடுக்கும் அப்ரெபிட்டன்ட் 2003-ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவற்றுடன் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்க்கப்படுகிறது. நான்காவதாக வந்தது ஓலான்சபின். இது அடிப்படையில் மனநல மருந்து. மருந்துக் கடையில் இதனை வாங்கும்போது ‘இது மனநோய்க்கான மாத்திரை ஆயிற்றே’ என்று யாரேனும் சொன்னால் குடும்பத்தினர் பதற வேண்டியதில்லை. குமட்டலைக் கட்டுப்படுத்துவதில் இதன் பயன் உறுதி செய்யப்பட்டுள்ளது.

ஆனால், வழக்கமான 10 மி.கி. அளவில் ஓலான்சபின் பலரைப் பகல் முழுவதும் உறக்கத்தில் ஆழ்த்துகிறது. இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர்கள் மும்பை டாடா மெமோரியல் மையத்தின் ஆய்வாளர்கள். உயர் அபாயக் கீமோதெரபி பெற்ற 275 நோயாளிகளை இரு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவினருக்கு 10 மி.கி. அளவிலும், மற்றொரு பிரிவினருக்கு அதில் கால் பங்கான 2.5 மி.கி. அளவிலும் ஓலான்சபினை மற்ற மூன்று மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தனர். முடிவுகள் 2024-ஆம் ஆண்டு ‘தி லான்செட் ஆன்காலஜி’ இதழில் வெளியாயின.

குமட்டலும் வாந்தியும் முழுமையாகக் கட்டுக்குள் இருந்தவர்கள் குறைந்த அளவுப் பிரிவில் 45 சதவீதம், வழக்கமான அளவுப் பிரிவில் 44 சதவீதம். அதாவது, கால் பங்கு மருந்தே போதுமானதாக இருந்தது. முதல் நாளில் கடும் உறக்கத்திற்கு ஆளானவர்களோ முறையே 5 சதவீதமும் 40 சதவீதமும் ஆவர்.

இந்த ஆய்வில் நோயாளிகள் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நான்கு மருந்துகள் சேர்ந்தும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டுப்பாடு முழுமையாக இல்லை. எனவே, மாத்திரை எடுத்தும் குமட்டல் வந்தால் அது நோயாளியின் மனத்தளர்ச்சியோ குறையோ அன்று. சொல்லித் திருத்த வேண்டிய ஒன்று. இரண்டாவது, குமட்டலையும் உறக்கத்தையும் எந்த ரத்தப் பரிசோதனையும் அளந்து சொல்ல முடியாது. நோயாளி சொன்னால்தான் தெரியும். பெரிய ஆய்வுக்கே அடித்தளம் அதுதான் என்றால், ஒருவருடைய சொந்தச் சிகிச்சைக்கு அது எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குறித்து வைப்பதால் என்ன பயன்? உலக அனுபவம்

நோயாளிகள் அனுபவிக்கும் அறிகுறிகளில் ஏறத்தாழ பாதி வரை மருத்துவர்களின் கவனத்திற்கு வராமலே போவதாக மேலைநாட்டு ஆய்வுகள் தெரிவித்துள்ளன. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் முற்றிய நிலைப் புற்றுநோய் கொண்ட 766 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் குமட்டல், வலி, சோர்வு உள்ளிட்ட 12 அறிகுறிகளைத் தாமே கணினியில் பதிவு செய்தனர். அறிகுறி கடுமையானால் செவிலியருக்கு எச்சரிக்கை சென்றது. இவர்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றது குறைந்தது. கீமோதெரபியைக் கூடுதல் காலம் தாங்கினர். 2017-ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, இவர்களது இடைநிலை வாழ்நாள் 31.2 மாதங்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதங்கள்.

இதனை எல்லா இடங்களுக்கும் அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. அமெரிக்காவில் 52 சிகிச்சை மையங்களில் 1,191 பேரிடம் பின்னர் நடத்தப்பட்ட பெரிய ஆய்வில் உடல் இயக்கம், அறிகுறிக் கட்டுப்பாடு, வாழ்க்கைத் தரம் ஆகியவை மேம்பட்டன. எனினும், வாழ்நாளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, குறிப்பேடு ஆயுளை நீட்டிக்கும் என்று உறுதி கூற முடியாது. சிகிச்சை நாள்களைத் தாங்கக் கூடியவையாக மாற்றும் என்று கூறலாம். இதில் மற்றொரு நிபந்தனையும் உண்டு: குறித்ததை ஒருவர் பார்த்து, உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். மருத்துவரிடம் காட்டப்படாத குறிப்பேட்டால் பயனில்லை.

சொல்லில் உள்ள சிக்கல்

மும்பைத் தமிழ் நோயாளிக்குக் கூடுதலாக ஒரு தடை இருக்கிறது. துன்பத்தைத் தமிழில் உணர்ந்து, இந்தியிலோ மராத்தியிலோ சொல்ல வேண்டும். பெரும்பாலும் பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கும் மகனோ மகளோ மொழிபெயர்ப்பாளராக நிற்கிறார்கள்.

இங்குத் தவறு நேர்வது எளிது. குமட்டல் வேறு, வாந்தி வேறு. குமட்டல் என்பது வாந்தி வரப்போவது போன்ற உணர்வு. வாந்தி என்பது வயிற்றில் உள்ளது வெளியே வருவது. வெறும் வயிற்றுடன் ஓங்கரிப்பது மூன்றாவது வகை. வாந்தி ஒருமுறைகூட வராமல் நாள் முழுவதும் குமட்டலில் உணவைத் தொட முடியாதவர்கள் பலர். “உல்டி ஹுவா?” என்று மருத்துவர் கேட்கும்போது ‘இல்லை’ என்பது உண்மையான பதில்தான், ஆனால் முழுமையான பதில் அன்று.

‘மயக்கம்’ என்ற சொல் இன்னும் சிக்கலானது. தமிழில் தலைசுற்றலையும் மயக்கம் என்கிறோம். நினைவிழப்பையும் மயக்கம் என்கிறோம். மருந்தால் வரும் அரை உறக்கத்தையும் மயக்கம் என்கிறோம். இந்த மூன்றுக்கும் மருத்துவக் காரணங்கள் வெவ்வேறு. ‘மயக்கமா வருது’ என்று அம்மா சொன்னால், உட்கார்ந்து எழும்போது தலை சுற்றுகிறதா, விழுந்து நினைவு தப்பியதா, கண்ணைத் திறக்க முடியாமல் உறக்கம் வருகிறதா என்று பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையே எழுத வேண்டும்.

மருத்துவமனையில் உதவக் கூடிய சில சொற்கள்:

* குமட்டல்: இந்தியில் ‘ஜீ மிச்லானா’, மராத்தியில் ‘மளமள’.
* வாந்தி: இந்தியில் ‘உல்டி’, மராத்தியில் ‘உலட்டி’.
* காய்ச்சல்: இந்தியில் ‘புகார்’ (தமிழில் முறையீட்டைக் குறிக்கும் சொல்லைப் போலவே காதில் விழும்), மராத்தியில் ‘தாப்’.
* வயிற்றுப்போக்கு: இந்தியில் ‘தஸ்த்’, மராத்தியில் ‘ஜுலாப்’.
* மலச்சிக்கல்: இந்தியில் ‘கப்ஜ்’, மராத்தியில் ‘பத்தகோஷ்டதா’.
* தலைசுற்றல்: இரு மொழிகளிலும் ‘சக்கர்’.
* வாய்ப்புண்: இந்தியில் ‘முஹ் மே சாலே’.

சொல் தடுமாறினாலும் எண் தடுமாறாது. ‘மூன்றாம் நாள், குமட்டல் பத்துக்கு ஏழு, வாந்தி மூன்று முறை’ என்று எழுதிய தாளை எந்த மொழி பேசும் மருத்துவரும் புரிந்துகொள்வார்.

எதைக் குறிக்க வேண்டும்?

கனடாவின் எட்மன்டன் நகரில் 1991-ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட அறிகுறி மதிப்பீட்டு முறை உலகெங்கும் பயன்படுத்தப்படுகிறது. ஒவ்வோர் அறிகுறிக்கும் 0 முதல் 10 வரை எண் தருவதே அதன் அடிப்படை. 0 என்றால் அந்தத் தொல்லையே இல்லை. 10 என்றால் கற்பனை செய்யக் கூடிய மிக மோசமான நிலை. வலி, சோர்வு, உறக்கக் கலக்கம், குமட்டல், பசியின்மை, மூச்சுத்திணறல், மனச்சோர்வு, பதற்றம், ஒட்டுமொத்த நலம் ஆகிய ஒன்பதும் அதில் இடம்பெறுகின்றன.

வீட்டு நோட்டில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். இரவு உறங்கச் செல்லும் முன் ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம். மருந்து ஏற்றிய நாளை முதல் நாளாகக் கொண்டு, பின்வருவனவற்றைக் குறிக்க வேண்டும்:

* குமட்டல்: 0 முதல் 10 வரை. எந்த நேரத்தில் அதிகம்?
* வாந்தி: எத்தனை முறை? எப்போது? நிறம் என்ன?
* உணவும் நீரும்: என்ன உண்டார்? எத்தனை டம்ளர் நீர் தங்கியது?
* சிறுநீர்: எத்தனை முறை? நிறம் அடர்ந்ததா?
* மலம்: போனதா? எத்தனை முறை?
* மாத்திரை: தவறாமல் எடுத்தாரா? ‘தேவைப்படும்போது’ மாத்திரை எப்போது எடுத்தார்? எவ்வளவு நேரத்தில் பயன் தெரிந்தது?
* உடல் வெப்பம்: காலை, மாலை வெப்பமானி அளவு.
* எடை: வாரம் ஒருமுறை, அதே எடைக் கருவியில்.
* பிற: வலி, சோர்வு, வாய்ப்புண், கை கால் மரத்தல், உறக்கம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதனைச் செய்யலாம். வாந்திக்கு ஒரு கோடு, குமட்டலுக்கு ஒரு புள்ளி என்று நாள்காட்டியில் குறித்தாலே போதும். வாட்ஸ்அப்பில் மகனுக்கோ மகளுக்கோ நாள்தோறும் குரல் பதிவு அனுப்பி, அவர்கள் எழுதி வைக்கலாம். குடும்பத்தினர் எழுதும்போது ஒன்றை மறக்கக் கூடாது: எண்ணைச் சொல்ல வேண்டியவர் நோயாளி. ‘அம்மாவுக்கு அவ்வளவு இருக்காது’ என்று பிள்ளைகள் தாமே எண்ணைக் குறைத்து எழுதக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு

சிஸ்பிளாட்டின் பெற்ற ஒருவரின் நோட்டு இப்படி இருக்கலாம்:

முதல் நாள்: குமட்டல் 2. வாந்தி இல்லை. இரவு இரண்டு இட்லி. மாத்திரைகள் எடுத்தாயிற்று.

இரண்டாம் நாள்: குமட்டல் 4. வாந்தி இல்லை. கஞ்சி மட்டும். பகல் முழுவதும் உறக்கம்.

மூன்றாம் நாள்: குமட்டல் 7. வாந்தி மூன்று முறை: காலை 5 மணி, 11 மணி, மாலை 4 மணி. கூடுதல் மாத்திரைக்குப் பின் குமட்டல் 4 ஆனது. மூன்று டம்ளர் நீர். சிறுநீர் இரண்டு முறை, அடர் மஞ்சள்.

நான்காம் நாள்: குமட்டல் 6. வாந்தி ஒரு முறை. மூன்று நாள்களாக மலம் போகவில்லை.

ஐந்தாம் நாள்: குமட்டல் 3. ரசம் சோறு கொஞ்சம் தங்கியது.

இந்த ஐந்து பதிவுகளிலிருந்து மருத்துவர் பலவற்றை அறிந்துகொள்கிறார். முதல் நாள் மருந்து வேலை செய்துள்ளது. தாமதக் குமட்டலுக்கான மருந்து போதவில்லை. கூடுதல் மாத்திரை பயன் தருகிறது. அதை இன்னும் முன்னதாக எடுத்திருக்கலாம். இரண்டாம் நாள் உறக்கம் எந்த மாத்திரையால் வந்தது என்று பார்க்க வேண்டும். ஆண்டான்செட்ரான் மலச்சிக்கலை உண்டாக்கக் கூடியது. மலச்சிக்கலும் குமட்டலைக் கூட்டும். எனவே மலமிளக்கி தேவைப்படலாம். ‘டீக் ஹை’ என்ற பதிலிலிருந்து இவற்றில் ஒன்றைக்கூட அறிய முடியாது. மேலும், இந்த நோயாளி அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் மூன்றாம் நாள் மாலையே மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்திருக்க வேண்டும் என்பதையும் நோட்டு காட்டுகிறது.

குமட்டலுக்குக் கீமோதெரபி மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. மார்பின் போன்ற வலி மருந்துகள், வயிற்றுப் பகுதிக் கதிர்வீச்சு, குடல் அடைப்பு, ரத்தத்தில் கால்சியம் கூடுதல், நோய்த்தொற்று, மூளைக்குப் பரவிய கட்டி ஆகியவையும் காரணமாகலாம். மருந்து ஏற்றிப் பத்து நாள்களுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் வாந்தி, வழக்கமான தாமதக் குமட்டல் அன்று. தேதியுடன் எழுதிய குறிப்பு இருந்தால்தான் இந்த வேறுபாடு தெரியும்.

காத்திருக்காமல் அழைக்க வேண்டியவை

பின்வருவனவற்றில் ஒன்று தென்பட்டாலும், குறித்து வைத்துவிட்டு அடுத்த சந்திப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. சிகிச்சை பெறும் மருத்துவமனையை உடனே தொடர்புகொள்ள வேண்டும். முடியாவிட்டால் அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

* உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் அளவை எட்டுதல், அல்லது குளிர் நடுக்கம். கீமோதெரபிக்குப் பின் பெரும்பாலும் ஏழு முதல் பதினான்கு நாள்களுக்குள் ரத்த வெள்ளையணுக்கள் மிகவும் குறையும். அந்த நேரத்தில் காய்ச்சல் உயிருக்கே ஆபத்தாகலாம். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.
* மாத்திரை எடுத்தும் நிற்காத வாந்தி; 24 மணிநேரமாக நீரோ மாத்திரையோ வயிற்றில் தங்காத நிலை.
* வாந்தியில் ரத்தம், அல்லது காப்பித் தூள் போன்ற நிறம்.
* சிறுநீர் மிகவும் குறைதல், நாக்கு வறளுதல், எழுந்து நின்றால் தலை சுற்றுதல்.
* வயிறு உப்பி, கடும் வலியுடன், மலமும் வாயுவும் பிரியாத நிலை.
* வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் வயிற்றுப்போக்கு.
* கடும் தலைவலியுடன் வாந்தி, குழப்பமான பேச்சு, நினைவு தடுமாற்றம்.
* மூச்சுத்திணறல், நெஞ்சுவலி.

அவசரப் பிரிவுக்குச் செல்லும்போது ‘கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கிறார், கடைசியாக ஏற்றிய தேதி இது’ என்பதை முதல் சொல்லாகச் சொல்ல வேண்டும். அந்தத் தேதி நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். சிகிச்சைக் கோப்பின் நகலும் மருந்துப் பட்டியலும் அதனுடன் இருப்பது நல்லது.

மாத்திரை, உணவு, பயணம்

தடுப்பு மாத்திரைகளை வாந்தி வந்த பின் எடுப்பது பொதுவான தவறு. அவை வாந்தி வராமல் தடுப்பதற்கானவை. குமட்டல் இல்லாவிட்டாலும் சொன்ன நாள்கள் முழுவதும் எடுக்க வேண்டும். மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ‘வாந்தி மாத்திரை’, ஏற்கெனவே எடுத்துவரும் மருந்தாகவே வேறு வணிகப் பெயரில் இருக்கலாம். ஆண்டான்செட்ரான், டோம்பெரிடோன் போன்றவை அளவு மீறினால் இதயத் துடிப்பைப் பாதிக்கக் கூடியவை. மாத்திரை எடுத்த சிறிது நேரத்தில் வாந்தியாகிவிட்டால் மறுபடியும் எடுக்கலாமா என்பதை மருத்துவமனையிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

உணவில் சிறிது சிறிதாகப் பலமுறை என்பதே விதி. கஞ்சி, இட்லி, இடியாப்பம் போன்ற மென்மையான உணவுகள் எளிதில் தங்கும். சூடான உணவின் வாசனை குமட்டினால் ஆறிய பின் உண்ணலாம். தாளிக்கும் நெடி, மீன் வறுக்கும் வாடை ஆகியவை ஒற்றை அறை வீட்டில் தப்ப முடியாதவை. மருந்து ஏற்றிய பின்வரும் ஐந்து நாள்களுக்காவது சமையல் நேரத்தில் நோயாளி வேறிடத்தில் இருக்க ஏற்பாடு செய்யலாம். நீரிழப்புக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை உறையில் குறிப்பிட்ட அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, மடக்கு மடக்காகத் தரலாம். இஞ்சி சிலருக்கு ஆறுதல் தருகிறது; மாத்திரைக்கு அது மாற்று ஆகாது. வெளிக்கடைப் பழச்சாறும் சட்னியும் வெள்ளையணு குறைந்த நாள்களில் தவிர்க்க வேண்டியவை.

மும்பை புறநகர் ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் புற்றுநோயாளிகளும் பயணம் செய்யலாம். நெரிசல் மிகுந்த பொதுப் பெட்டியில் குமட்டலோடு நிற்பதைவிட, உரிய மருத்துவமனைச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியில் ஏறுவதே நல்லது. ஒரு பிளாஸ்டிக் பை, தண்ணீர்ப் புட்டி, துண்டு ஆகியவை பையில் இருக்கட்டும்.

மருத்துவர் முன் மூன்று வாக்கியங்கள்

நோட்டை முழுவதும் படிக்க மருத்துவருக்கு நேரம் இருக்காது. சந்திப்புக்கு முந்தைய இரவு, ஒரு தனித்தாளில் மூன்று வாக்கியங்களாகச் சுருக்கிக்கொள்ள வேண்டும்: எந்த நாள் மிக மோசம், எண் என்ன, எந்த மாத்திரை பயன் தந்தது, எது தரவில்லை, இப்போது மிகவும் தொல்லை தருவது எது. அதைச் சொல்லிவிட்டு, “இந்த முறை மூன்றாம் நாளுக்கு மருந்தை மாற்ற முடியுமா?” என்று கேட்கலாம். இப்படிக் கேட்பது மருத்துவரைக் குறை கூறுவது ஆகாது. சிகிச்சையில் பங்கேற்பது ஆகும்.

புற்றுநோய் மருந்தை முடிவு செய்வது மருத்துவர். அந்த மருந்தோடு இருபத்தொரு நாள்களை வீட்டில் கழிப்பவர் நோயாளி. அந்த நாள்களின் கணக்கு எழுதப்பட்டிருந்தால், அடுத்த சுற்றின் மூன்றாம் நாள் விடியற்காலை முன்னைப்போல இருக்க வேண்டியதில்லை.

(இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. மருந்தையோ அதன் அளவையோ சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் ஆலோசனை இன்றி மாற்றவோ நிறுத்தவோ கூடாது.)